எழுதினால் ஒன்று, பேசினால் வேறொன்றா? அவதூறுச் சட்டம் பற்றி

கேள்வி இதுதான்: "ஒருவரைப் பற்றிப் பொய்யாக எழுதினால் லைபல், பேசினால் ஸ்லாண்டர் என்கிறார்கள். இரண்டும் பெயரைக் கெடுப்பதுதானே, சட்டம் ஏன் பிரித்துப் பார்க்கிறது? வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் குரல் பதிவு எதில் சேரும்?"

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயச் சட்ட மரபில் அவதூறு இரண்டு வகை. நிலைத்து நிற்கும் வடிவத்தில் வந்தால் லைபல். சொன்ன கணத்தோடு மறைந்துபோகும் வடிவத்தில் வந்தால் ஸ்லாண்டர். தமிழில் எழுத்துவழி அவதூறு, வாய்மொழி அவதூறு என்று எழுதுகிறார்கள். பெரும்பாலான நேரம் இது பொருந்தும். ஆனால் லைபலுக்கு எழுத்து கட்டாயமில்லை. ஸ்காட்லாந்தில் ஒரு கொலை வழக்கில் குற்றம் நிரூபணமாகாமல் வெளியே வந்த ஒருவரின் மெழுகுச் சிலையை, லண்டன் டுசாட்ஸ் காட்சியகம் கொடூரக் குற்றவாளிகளுக்கான அறையின் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தது. அவர் வழக்குப் போட்டார். சிலை, கேலிச்சித்திரம், சுவரில் சாக்குக்கட்டியால் போட்ட குறி எதுவும் லைபல் ஆகலாம் என்று 1894இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1934இல் பேசும் படம் ஒன்றின் மீது ரஷ்ய இளவரசி யூசுபோவ் தொடுத்த வழக்கில், திரையில் வரும் காட்சியும் லைபல்தான் என்று தீர்ப்பாகி, அவருக்கு 25,000 பவுண்டு நஷ்டஈடு கிடைத்தது. படங்களின் தொடக்கத்தில் "இதில் வரும் பாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே" என்று போடும் வழக்கம் பரவியது அந்த வழக்குக்குப் பிறகுதான். மறுபக்கம், வாயைத் திறக்காமல் கையால் காட்டும் சைகை ஸ்லாண்டர் பக்கம் போகும், ஏனென்றால் அது நிற்பதில்லை.

சரி, பிரிப்பதால் என்ன ஆகிறது? இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எழுதினால் பெரிய குற்றம், பேசினால் சின்னக் குற்றம் என்பதல்ல விஷயம். யார் எதை நிரூபிக்க வேண்டும் என்பதுதான். லைபல் என்றால், உங்கள் பெயருக்குக் கெடுதல் வந்தது என்று நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொள்ளும், இவ்வளவு ரூபாய் போயிற்று என்று நீங்கள் காட்ட வேண்டியதில்லை. ஸ்லாண்டர் என்றால் அந்தப் பேச்சால் வேலை போயிற்று, ஒப்பந்தம் கைவிட்டுப் போயிற்று, வாடிக்கையாளர் விலகினார் என்று பணமாக மதிப்பிடக்கூடிய இழப்பைக் காட்ட வேண்டும். தூக்கம் வரவில்லை, அவமானத்தால் உடம்புக்கு முடியாமல் போனது என்பதெல்லாம் போதாது என்று பழைய ஆங்கிலத் தீர்ப்புகள் கறாராகவே சொல்லியிருக்கின்றன. அவமானப்பட்ட மனிதருக்கு உண்மையில் வலிப்பது அதுதான் என்பதால், எனக்கு இந்த விதி எப்போதுமே கொடுமையாகத்தான் படுகிறது.

இதற்கும் சில விலக்குகள் உண்டு. சிறைத்தண்டனைக்குரிய குற்றம் செய்தவர் என்று சொல்வது, தொழிலுக்கோ பதவிக்கோ லாயக்கில்லாதவர் என்று சொல்வது, தொற்றுநோய் உள்ளவர் என்று சொல்வது, 1891ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒரு பெண்ணின் கற்பைப் பற்றிப் பேசுவது ஆகியவற்றில், பேச்சாக இருந்தாலும் இழப்பைக் காட்டாமலே வழக்குப் போடலாம். "அவன் ஒரு புளுகன்" என்று நாலு பேர் முன்னால் சொன்னால் இழப்பைக் காட்ட வேண்டும். "அவன் கையாடல் செய்தவன்" என்றால் காட்ட வேண்டாம். நோயையும் கற்பையும் பற்றிய விலக்குகளை இங்கிலாந்து 2013இல் எடுத்துவிட்டது. மற்ற இரண்டும் நிற்கின்றன.

இப்படி ஒரு பிரிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்ததில்லை. இங்கிலாந்தில் ஆரம்பத்தில் அவதூறை விசாரித்தவை தேவாலய நீதிமன்றங்கள். அங்கே அது பாவம், தண்டனை பெரும்பாலும் பரிகாரம் செய்வது. 16ஆம் நூற்றாண்டில் இந்த வழக்குகள் அரச நீதிமன்றங்களுக்கு வந்தபோது வெள்ளமாக வந்தன. யார் யாரையோ திட்டியதெல்லாம் வழக்காயிற்று. நீதிபதிகள் சலித்துப்போய் கதவைச் சாத்தப் பார்த்தார்கள். இழப்பை நிரூபி என்றார்கள். சொன்ன வார்த்தைக்கு எவ்வளவு மென்மையான பொருள் கொடுக்க முடியுமோ அவ்வளவு கொடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் தாமஸ் ஹோல்ட் என்பவரைப் பற்றி ஒருவர், "அவர் தன் சமையல்காரனின் தலையில் வெட்டுக்கத்தியால் போட்டார், தலை பிளந்து ஒரு பாதி ஒரு தோளிலும் மறுபாதி மறு தோளிலும் விழுந்தது" என்று பேசினார். இது அவதூறு இல்லை என்று தள்ளிவிட்டார்கள். சமையல்காரர் செத்துப்போனார் என்று சொல்லவில்லையே என்பது காரணம்!

அதே காலத்தில் இன்னொரு பக்கம் அச்சு இயந்திரம் வந்து, துண்டறிக்கைகள் பரவி, அரசு பயந்துகொண்டிருந்தது. அச்சில் வரும் அவதூறை ஸ்டார் சேம்பர் என்ற நீதிமன்றம் கையில் எடுத்துக் குற்றமாகத் தண்டித்தது. அங்கே உண்மை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. 1641இல் அந்த நீதிமன்றம் ஒழிக்கப்பட்டது. அதன் கையில் இருந்த அச்சு அவதூறு வழக்குகள் சாதாரண நீதிமன்றங்களிடம் வந்து சேர்ந்தன. அங்கே ஏற்கெனவே பேச்சுக்கான கறார் விதிகள் இருந்தன. இரண்டையும் ஒன்றாக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். வெறுமனே பேசியிருந்தால் வழக்காகாத வார்த்தை, எழுதி வெளியிட்டதால் வழக்காகும், எழுதுவதில் கெட்ட எண்ணம் கூடுதல் என்று 1660களில் ஒரு தீர்ப்பு வந்தது. அதுவே வேராயிற்று. 1812இல் இதே கேள்வி தலைமை நீதிபதி ஜேம்ஸ் மான்ஸ்ஃபீல்டு முன்னால் வந்தபோது, இந்த வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் எதுவும் தனக்குத் தெரியவில்லை, ஆனால் நூறு வருடத்துக்கும் மேல் நிலைத்துவிட்டதை இப்போது பிடுங்க முடியாது என்ற பொருளில் எழுதினார். 1975இல் ஒரு அரசுக் குழுவும் இதை எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. இங்கிலாந்து இன்னும் எடுக்கவில்லை.

மற்ற நாடுகள் அந்த அளவுக்குக் காத்திருக்கவில்லை. நியூசிலாந்து 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டையும் ஒன்றாக்கியது. ஆஸ்திரேலிய மாநிலங்கள் 2005இல் ஒரே மாதிரியான சட்டம் கொண்டுவந்து பிரிவை எடுத்தன. அயர்லாந்து 2009இல் செய்தது. ஸ்காட்லாந்தில் தொடக்கத்திலிருந்தே இந்தப் பிரிவு வேரூன்றவில்லை. இலங்கையின் உரிமையியல் சட்டம் ரோமன்-டச்சு மரபில் வந்தது, அதிலும் கிடையாது. அங்கே அவதூறைக் கிரிமினல் குற்றமாக வைத்திருந்த பிரிவுகளை 2002இல் நீக்கிவிட்டார்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டங்கள் வழியே ஆங்கிலப் பிரிவை வைத்திருக்கின்றன. வானொலி, தொலைக்காட்சியில் வரும் பேச்சை மட்டும் நிலையான வடிவம் என்று கணக்கிட்டு லைபல் பக்கம் சேர்த்துவிட்டன.

இந்தியாவின் நிலை இன்னும் சுவாரசியமானது. மெக்காலே தலைமையிலான குழு வரைந்து 1860இல் சட்டமான இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு, பேசிய வார்த்தை, படிப்பதற்காக எழுதிய வார்த்தை, சைகை, கண்ணுக்குத் தெரியும் உருவம் எல்லாவற்றையும் ஒரே வரியில் அடக்கியது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும் அப்படியே. இரண்டு வருடம் வரை வெறுங்காவல் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது புதிதாகச் சேர்த்த சமூக சேவை என்று தண்டனை. பேச்சா எழுத்தா என்று தண்டனை மாறாது. உரிமையியல் பக்கம், அதாவது மக்கள் மானநஷ்ட வழக்கு என்று சொல்வதில், 1880களிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ஆங்கில விதியை ஏற்க மறுத்தது. ஒரு பெண்ணைப் பார்த்து அவள் முறையான மனைவியே இல்லை என்று பேசியதற்கு, பண இழப்பைக் காட்டாமலே வழக்குப் போடலாம் என்றது. அதன் பிறகு பெரும்பாலான இந்திய நீதிமன்றங்கள் அந்த வழியில்தான் போகின்றன. ஆகவே இந்தியாவில் "அது ஸ்லாண்டர்தானே, ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நீங்கள் இருக்கும் நாட்டில் பிரிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவதூறு ஆவதற்கு மூன்று விஷயங்கள் பொதுவாகவே வேண்டும். சொன்னது ஒருவரை மற்றவர்கள் பார்வையில் தாழ்த்துவதாக இருக்க வேண்டும். அது அவரைத்தான் குறிக்கிறது என்று புரிய வேண்டும். மூன்றாவது ஒருவரின் காதுக்கோ கண்ணுக்கோ போயிருக்க வேண்டும், சட்டம் இதை வெளியீடு என்கிறது.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. உங்களைத் தனியாகக் கூப்பிட்டு எவ்வளவு மோசமாகத் திட்டினாலும் அது அவதூறு ஆகாது, வேறு குற்றமாகலாம். உங்கள் பெயருக்கு மட்டும் எழுதிய கடிதமும் அப்படித்தான். ஆனால் அதை வேறொருவர் பிரித்துப் படித்துவிட்டால்? 1915இல் ஒரு வழக்கில் வீட்டுப் பணியாளர் தன் ஆர்வத்தால் உறையைப் பிரித்துப் பார்த்தார். எழுதியவர் அதை எதிர்பார்த்திருக்க முடியாது, வெளியீடு ஆகாது என்றார்கள். 1962இல் இன்னொரு வழக்கில், மனைவிக்கு வந்த கடிதத்தைத் தேர்தல் பிரசுரம் என்று நினைத்துக் கணவர் பிரித்தார். அது எதிர்பார்க்கக்கூடியதே, வெளியீடுதான் என்று முடிவாயிற்று. இதை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தால், பலர் திறக்கும் அலுவலகப் பொது மின்னஞ்சலுக்கு ஒருவரைப் பற்றி எழுதுவது கிட்டத்தட்ட வெளியிட்டதற்குச் சமம்.

யாரைக் குறிக்கிறது என்பதில், பெயர் சொல்லாவிட்டாலும் ஆள் தெரிந்தால் போதும். "வக்கீல்கள் எல்லாரும் திருடர்கள்" என்றால் எந்த ஒரு வக்கீலும் வழக்குப் போட முடியாது. "இந்த அலுவலகத்தில் இருக்கும் மூன்று வக்கீல்களும் திருடர்கள்" என்றால் மூவருமே போடலாம். எழுதியவருக்கு அந்த ஆளைத் தெரியவே தெரியாது என்பதும் இங்கிலாந்தில் காப்பாற்றவில்லை. ஒரு பத்திரிகை கற்பனைப் பாத்திரத்துக்கு ஆர்டிமஸ் ஜோன்ஸ் என்று பெயர் வைத்துக் கேலியாக எழுதியது. அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு வழக்கறிஞர் இருந்தார். 1,750 பவுண்டு கொடுக்க வேண்டியதாயிற்று, 1910இல் அதை, அப்போது இறுதி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த நாடாளுமன்ற மேலவை உறுதி செய்தது. இந்தியாவின் கிரிமினல் பிரிவு இதற்கு எதிர்த்திசை. அங்கே கெடுக்கும் எண்ணமோ, கெடும் என்று தெரிந்திருந்ததோ, நம்பக் காரணம் இருந்ததோ காட்டப்பட வேண்டும்.

"நான் சொல்லவில்லை, கேள்விப்பட்டதைத்தான் சொன்னேன்" என்பது எந்த நாட்டிலும் நல்ல பதில் இல்லை. திரும்பச் சொல்பவரும் சொன்னவர்தான். கேள்வி வடிவில் போட்டாலும் தப்பிக்க முடியாது. ஒரு பிரபுவின் பெயர் ஏன் பரபரப்பாகப் பேசப்படுகிறது என்று கேட்டு, ஒன்றும் தெரியாத முகம் போன்ற ஒரு குறிப்பையும் சேர்த்து ஒருவர் ட்விட்டரில் போட்டார். அந்தச் சமயத்தில் ஊரெல்லாம் சுற்றிய பொய்க் குற்றச்சாட்டோடு சேர்த்துப் படித்தால் பொருள் தெளிவு என்று 2013இல் லண்டன் நீதிமன்றம் அவர் மீது தீர்ப்பு சொன்னது. முழுவதும் ஒரே ஒரு கேள்வி, ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

இப்போது குரல் பதிவுக்கு வருகிறேன். தொலைபேசியில் நேராகப் பேசியது ஸ்லாண்டர். பதிவாகி, சேமிக்கப்பட்டு, திரும்பத் திரும்பக் கேட்கக்கூடியதும் அனுப்பக்கூடியதுமான குரல் செய்தி, நிலைத்து நிற்கும் வடிவம். லைபல் பக்கம்தான் அது சேர வேண்டும் என்பது என் கருத்து. காணொளியிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வடிவம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. இணைய விவாதத்தில் வாய்க்கு வந்ததைத் தட்டிப் போடுவது தன் இயல்பில் லைபலைவிட ஸ்லாண்டருக்குத்தான் நெருக்கம், டீக்கடைப் பேச்சு மாதிரி என்று எடுத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் 2008இல் ஒரு ஆங்கில நீதிபதி சொன்னார். அது வகை மாற்றம் இல்லை, படிப்பவர்கள் அதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கான அளவுகோல். 2013க்குப் பிறகு இங்கிலாந்தில், எழுத்தோ பேச்சோ, பெயருக்குக் கடுமையான கெடுதல் நேர்ந்ததாகவோ நேரக்கூடியதாகவோ காட்டியாக வேண்டும். 2019இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வார்த்தையின் பொருள் மட்டும் போதாது, உண்மையில் நடந்த தாக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றது. அதனால் நான் மேலே சொன்ன பழைய வேறுபாடு அங்கேயே பாதி கரைந்துவிட்டது.

நடைமுறையில் வேறுபாடு மிஞ்சுவது சாட்சியத்தில்தான். எழுத்தோ பதிவோ இருந்தால் என்ன சொன்னார் என்பதில் தகராறு இல்லை. பேச்சு என்றால், சொன்ன வார்த்தைகளை அப்படியே யார் வந்து சொல்வார்கள்? "என்னைப் பற்றித் தப்பாகப் பேசினார்" என்று மொத்தமாகச் சொன்னால் நிற்காது. எந்த வார்த்தை, எந்த நாள், யார் முன்னால் என்று வேண்டும். கேட்டவர் நண்பராகவோ உறவினராகவோ இருந்து, நீதிமன்றப் படி ஏறத் தயங்கினால் வழக்கு அங்கேயே முடிந்தது. ஆகவே பேச்சு அவதூறு நடந்தால், அன்றைக்கே கேட்ட வார்த்தைகளைக் கேட்டபடியே எழுதி வையுங்கள். இணையப் பதிவு என்றால் திரைப்பதிவோடு முகவரியையும் தேதியையும் சேர்த்து எடுங்கள். இந்தியாவில் மின்னணுச் சாட்சியத்துக்குப் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும் என்பதால், பதிவு இருக்கும் மூலக் கைபேசியைப் பத்திரமாக வைத்திருப்பது முக்கியம்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கு என்ன பாதுகாப்பு? முதலாவது உண்மை. சிவில் வழக்கில் உண்மை முழுப் பாதுகாப்பு. இந்தியக் கிரிமினல் சட்டத்தில் உண்மை மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். உண்மையை நிரூபிக்க எதிராளிக்கு வழி திறந்துவிடுவதால், வழக்குப் போடுபவர் ரொம்ப யோசிக்க வேண்டும். 1895இல் குயின்ஸ்பெரி கோமகன் ஒரு கிளப்பில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு பெயருக்கு அவமானமாக எழுதிய அட்டையை வாயில்காப்பாளரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கத்திவிட்டுப் போயிருந்தால் குற்றவியல் வழக்குக்கு இடமிருந்திருக்காது. எழுதி, மூன்றாம் ஆள் கையில் கொடுத்ததால் கிரிமினல் லைபல் வழக்காயிற்று. கோமகன் தரப்பு உண்மை என்ற வாதத்தை எடுத்துச் சாட்சிகளைத் திரட்டியது. வைல்டு பாதியில் பின்வாங்கினார், அந்தச் சாட்சிகளை வைத்தே, ஆண்களோடு உறவு வைத்தார் என்று அவர் மீது வழக்கு வந்து, இரண்டு வருடம் கடுங்காவலில் முடிந்தது. தன் பெயரைக் காப்பாற்றத் தொடுத்த வழக்கே அவரை அழித்தது. அவரைத் தண்டித்த சட்டம் அநியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனாலும் அந்த எச்சரிக்கை நிற்கிறது.

இரண்டாவது கருத்து. "அந்த மருத்துவர் தேவையில்லாமல் அறுவைச் சிகிச்சை செய்தார்" என்பது தகவல். நடந்ததைச் சரியாகச் சொல்லிவிட்டு "எனக்கு அவர் நடத்திய விதம் பிடிக்கவில்லை, அக்கறை இல்லாதவராகத் தெரிந்தது" என்பது கருத்து. நேர்மையான கருத்துக்குப் பாதுகாப்பு உண்டு, அது நிற்கும் தகவல் சரியாக இருந்தால். மூன்றாவது, சொல்லும் இடம். நாடாளுமன்றத்திலும் நீதிமன்ற விசாரணையிலும் பேசியதற்கு வழக்கில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது, மேலதிகாரியிடம் முறையிடுவது போன்றவை நல்லெண்ணத்தோடு, சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் சொன்னால் காக்கப்படும். இதைத் தெரியாமல், உண்மையான புகாரைக்கூடச் சொல்லப் பயந்து வாய்மூடி இருப்பவர்கள் அதிகம். குறிப்பாகப் பாலியல் தொல்லை பற்றிய புகார்களில். முறையான இடத்தில் புகார் சொல்வது அவதூறு அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அதிகாரத்தில் இருப்பவர்கள் விஷயத்தில் அமெரிக்கா 1964இல் பெரிய கோடு போட்டது. அலபாமாவின் மான்ட்கமரி நகர அதிகாரி சலிவன், கறுப்பின மக்களின் குடிமை உரிமை இயக்கத்துக்கு ஆதரவான ஒரு செய்தித்தாள் விளம்பரத்தில் இருந்த சின்னச் சின்னத் தகவல் பிழைகளைக் காட்டி, நியூயார்க் டைம்ஸ் மீது 5 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கியிருந்தார். உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது. பொது அதிகாரி ஜெயிக்க வேண்டுமானால், பொய் என்று தெரிந்தே அல்லது உண்மையா என்று கவலையே படாமல் வெளியிட்டார்கள் என்று காட்ட வேண்டும் என்றது. இந்திய உச்ச நீதிமன்றமும் 1994இல் ஆர். ராஜகோபால் வழக்கில், அரசு அதிகாரிகள் தங்கள் அலுவல் சார்ந்த விமர்சனத்துக்கு நஷ்டஈடு கேட்பதில் அதே திசையில் போனது. ஆனால் 2016இல், நற்பெயரும் வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி, அவதூறைக் கிரிமினல் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்றது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பெயர் கெட்டதற்கு நஷ்டஈடும் மறுப்பும் போதும், சிறை எதற்கு? இங்கிலாந்தே தன் கிரிமினல் லைபலை 2010இல் கைவிட்டுவிட்டது. பணமும் வக்கீலும் உள்ளவர், தூரத்து ஊர் நீதிமன்றத்தில் ஒரு கிரிமினல் புகார் போட்டாலே எதிரில் இருப்பவருக்கு வாய்தாவுக்கு அலைவதே தண்டனையாகிவிடுகிறது.

உங்கள் மீது யாராவது அவதூறு செய்திருந்தால், முதலில் கவனிக்க வேண்டியது காலவரம்பு. முன்பு இங்கிலாந்தில் ஒவ்வொரு பிரதி விற்பனையும் புது வெளியீடு. பிரன்ஸ்விக் கோமகன், 17 வருடத்துக்கு முன்னால் வந்த பத்திரிகை இதழை வாங்கிவர ஆளை அனுப்பி, அந்த ஒரு விற்பனையை வைத்தே 1849இல் ஜெயித்தார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதை நிறுத்தி, முதல் வெளியீட்டிலிருந்து ஒரு வருடம் என்று ஆக்கியது. இணையத்தில் ஒரு கட்டுரை கிடந்துகொண்டே இருக்கிறது என்பதால் தினமும் புதிதாகக் கணக்கு தொடங்காது என்று டெல்லி உயர் நீதிமன்றமும் 2013இல் சொன்னது. சிங்கப்பூரில் ஆறு வருட அவகாசம். இந்தியாவில் சிவில் வழக்குக்கு ஒரு வருடம்தான். 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம், இந்தியச் சட்டத்தின் மற்ற இடங்களில் மறைந்துபோன அந்தப் பழைய பிரிவை இங்கே அப்படியே வைத்திருக்கிறது. எழுத்து அவதூறுக்கு வெளியான நாளிலிருந்தும், பேச்சு அவதூறுக்குப் பேசிய நாளிலிருந்தும், இழப்பைக் காட்ட வேண்டிய வகைப் பேச்சுக்கு இழப்பு நேர்ந்த நாளிலிருந்தும் அந்த ஒரு வருடம் ஓடும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மன்னிப்பு கேட்பார் என்று காத்திருக்கும் காலத்துக்கு அது நிற்காது.